வழித்துணைக் கப்பலும் வரலாற்றுப் பதிவும்
'மேசன்' கப்பலின் போர்க்காலப் பணி பற்றிய ஒரு நோக்கு

போரின் வரலாறு பெரும்பாலும் தாக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை அரண்கள் வீழ்ந்தன, எத்தனை கப்பல்கள் அமிழ்த்தப்பட்டன என்பனவே அதன் அளவுகோல்கள். காத்து நின்றோரின் பணி இவ்வளவுகோல்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஏனெனிற் காவற்பணியின் வெற்றி என்பது எதுவும் நிகழாமையாகும். கப்பல்கள் குறித்த துறையிற் குறித்த நாளிற் சேர்ந்துவிட்டால் எழுதுவதற்கு ஏதுமில்லை. சேராதபோதே ஏடுகள் நிரம்புகின்றன.

இரண்டாம் உலகப் போரில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் வழித்துணைக் கப்பலாகப் பணியாற்றிய, ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் 'மேசன்' (டி. ஈ. 529) என்னும் கப்பலின் வரலாறு இவ்வகையில் இருமடங்கு மறைப்புக்கு உள்ளானதொன்றாகும். முதலாவது மறைப்பு அப்பணியின் தன்மையால் விளைந்தது. இரண்டாவது, அப்பணியை ஆற்றியோரின் நிறத்தால் விளைந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே அக்கப்பலின் பணி முழுமையாகப் புலப்படும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழித்துணையின் தேவை

வாணிகர் தனித்துச் செல்லாது கூட்டமாகச் செல்வதும், அக்கூட்டத்துக்குப் படைக்கலம் ஏந்தியோர் காவல் நிற்பதும் நமக்குப் புதியனவல்ல. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்தினையும், அச்சாத்துச் செல்லும் பெருவழியை வில்லேந்திய வீரர் காத்து நின்றமையையும் பெரும்பாணாற்றுப்படை கூறும். இருபதாம் நூற்றாண்டின் இரு உலகப் போர்களிலும் இதே முறை கடலில் மிகப் பெரிய அளவிற் கையாளப்பட்டது. பிரித்தானியத் தீவுகளுக்கு வேண்டிய உணவு, எண்ணெய், படைக்கலம் ஆகியவற்றின் பெரும்பகுதி அத்திலாந்திக்கைக் கடந்தே வரவேண்டியிருந்தது. அவ்வழியை ஜேர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அறுக்க முற்பட்டன. தனித்துச் சென்ற வாணிகக் கப்பல்கள் அவற்றுக்கு எளிதில் இரையாகின. எனவே பல பத்துக் கப்பல்களை வரிசைகளாக ஒழுங்குபடுத்தி, அத்தொகுதியைச் சுற்றிச் சிறிய போர்க்கப்பல்களைக் காவல் வைத்து அனுப்பும் முறை வலுப்பெற்றது.

இக்காவலுக்கு ஏராளமான கப்பல்கள் வேண்டியிருந்தன. பெரிய நாசகாரிக் கப்பல்கள் விலை மிக்கவை. அவற்றைக் கட்டக் காலமும் மிகுதி. ஆகவே நீர்மூழ்கியைத் தேடித் தாக்குவதற்குப் போதிய கருவிகளை மட்டும் கொண்ட, விரைவிற் கட்டக்கூடிய சிறிய கப்பல் வகையொன்று வகுக்கப்பட்டது. இவ்வகையைச் சேர்ந்த 500க்கு மேற்பட்ட கப்பல்கள் போர்க்காலத்தில் அமெரிக்கக் கட்டுதளங்களில் உருவாகின. அவற்றுள் 'எவார்ட்ஸ்' வகுப்பைச் சேர்ந்ததே மேசன். பொஸ்டன் கடற்படைக் கட்டுதளத்தில் 1943 ஒக்டோபர் 14ஆந் திகதி அதன் அடித்தளம் இடப்பட்டது. நவம்பர் 17ஆந் திகதி அது நீரில் இறக்கப்பட்டது. 1944 மார்ச் 20ஆந் திகதி சேவையில் இணைக்கப்பட்டது. ஐந்து மாத கால அளவில் ஒரு போர்க்கப்பல் உருவானமை அக்காலக் கைத்தொழிலின் வேகத்தை உணர்த்தும். 1942இல் பவளக் கடற்போரில் உயிரிழந்த நியூட்டன் ஹென்றி மேசன் என்னும் விமானியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

கப்பலின் நீளம் ஏறத்தாழ 289 அடி. எடை 1,140 தொன். வேகம் மணிக்கு 21 கடல்மைல். மூன்று அங்குல வாயுடைய பீரங்கிகள் மூன்றும், விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் அதில் இருந்தன. எனினும் நீரினுள் ஒலியைச் செலுத்தி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கியின் திசையையும் தூரத்தையும் அறியும் 'சோனார்' கருவியே அதன் உயிர்நாடி எனலாம். கப்பல் இலக்கை மிக அணுகியதும் இவ்வெதிரொலி தவறிவிடும். பின்புறத்திலிருந்து உருட்டி விடப்படும் ஆழ்நீர்க் குண்டுகள் இவ்வாறு குருட்டு நிலையிலேயே வீழ்ந்தன. இக்குறையைத் தீர்க்கவே, இலக்கு ஒலிவரம்பினுள் இருக்கும்போதே முன்னோக்கிக் குண்டுகளை எறியும் 'ஹெட்ஜ்ஹொக்' என்னும் பொறியும் இத்தகைய கப்பல்களிற் பொருத்தப்பட்டது. ஒலி கேட்போன், ரேடார்த் திரையை நோக்குவோன், சமிக்ஞையாளன், வானொலியாளன், இயந்திர வினைஞன் ஆகிய அனைவரும் ஒருங்கிணைந்து செயற்பட்டாலன்றி இக்கருவிகளாற் பயனில்லை. அதாவது, வழித்துணைக் கப்பல் தொழில்நுட்பப் பயிற்சி பெற்ற மாலுமிகளை வேண்டி நின்றது. மேசனின் வரலாற்றில் இவ்வுண்மை முதன்மை பெறுகின்றது.

யார் மாலுமி?

மேசன் சேவையில் இணைந்தபோது அதில் 150க்கு மேற்பட்ட கறுப்பின மாலுமிகள் இருந்தனர். அதிகாரிகள் அனைவரும், தொடக்கத்தில் மேல்நிலைச் சிற்றதிகாரிகளும் வெள்ளையராயிருந்தனர். கட்டளைத் தளபதியாக வில்லியம் பிளாக்ஃபோர்ட் பொறுப்பேற்றார். கடலோடும் போர்க்கப்பலொன்றில், சமையலறைக்கும் உணவுக்கூடத்துக்கும் அப்பால், எல்லாத் தொழிற்றுறைகளிலும் கறுப்பினத்தவர் பெரும்பான்மையினராக அமர்த்தப்பட்டமை அக்கடற்படையின் அண்மைக்கால வரலாற்றில் அதுவரை காணப்படாததொன்றாகும்.

இதன் முக்கியத்துவத்தை உணர்வதற்கு முன்னைய நிலையை அறிதல் வேண்டும். 1919இன் பின் அமெரிக்கக் கடற்படை கறுப்பினத்தவரைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியது. 1932இல் வாயில் மீண்டும் திறக்கப்பட்டபோது, அது அதிகாரிகளின் உணவு மேசைக்கு மட்டுமே வழிவிட்டது. கறுப்பின இளைஞன் கடற்படையிற் சேரலாம். ஆனால் அவன் பரிமாறுவோனாகவும் படுக்கை விரிப்போனாகவுமே இருக்கலாம். 1941 டிசெம்பர் 7ஆந் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது, உணவுக்கூட ஏவலாளராயிருந்த டோரி மில்லர் காயமுற்ற கப்பற்றலைவரைத் தூக்கிச் செல்ல உதவியதோடு, தமக்குப் பயிற்சி அளிக்கப்படாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியையும் இயக்கினார். 1942 மே மாதம் அவருக்குக் 'கடற்படைச் சிலுவை' விருது வழங்கப்பட்டது. விருது பெற்றவரின் தொழில் மாறவில்லை. 1943 நவம்பரில் தாம் பணியாற்றிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியபோது அவர் சமையலாளராகவே மாண்டார். வீரத்தை மெச்சுவதும் உரிமையை மறுப்பதும் ஒரே நிறுவனத்துள் முரணின்றி வாழமுடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாற்றம் மேலிருந்து கருணையாக இறங்கி வந்ததன்று. 1941இல் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் றண்டோல்ஃப் வாஷிங்டனை நோக்கிய பேரணியொன்றை நடத்தப் போவதாக அறிவித்ததன் விளைவாகவே, போர்க் கைத்தொழில்களிற் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையை ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அவ்வாண்டு யூனிற் பிறப்பித்தார். 1942இல் 'பிற்ஸ்பேர்க் கூரியர்' என்னும் கறுப்பினப் பத்திரிகை, வெளியே பாசிசத்தின் மீதும் உள்ளே நிறவெறியின் மீதுமென 'இரட்டை வெற்றி'க்கான இயக்கத்தைத் தொடக்கியது. இத்தகைய அழுத்தங்களின் நடுவே, 1942 யூன் முதல் பொதுச் சேவைக்குக் கறுப்பினத்தவர் சேர்க்கப்படலாயினர். ஆயினும் கடற்படைச் செயலாளர் பிராங்க் நொக்ஸ் முதலானோர், கப்பலின் நெருக்கமான வாழ்க்கையில் இரு நிறத்தாரும் சேர்ந்திருத்தல் இயலாது என வாதித்தனர். எனவே பயிற்சி பெற்றோர் துறைமுகங்களிலும், கட்டுமானப் படைகளிலும், வெடிமருந்துக் கிடங்குகளிலும் அமர்த்தப்பட்டனர். மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்த கிரேற் லேக்ஸ் பயிற்சி நிலையத்தில் அவர்களுக்கெனத் தனி முகாம் அமைக்கப்பட்டு, அதற்கு றொபேர்ட் ஸ்மோல்ஸின் பெயர் இடப்பட்டது. 1862இல் தென்மாநிலப் படையின் கப்பலொன்றைச் சார்ள்ஸ்ரன் துறைமுகத்திலிருந்து துணிவுடன் ஓட்டிச் சென்று விடுதலையடைந்த அடிமை அவர். கப்பலோட்டியவரின் பெயர் முகாமுக்கு இருந்தது. அம்முகாமிற் பயின்றோருக்குக் கப்பல் இருக்கவில்லை.

மேசன் இம்முரண்பாட்டிலிருந்து பிறந்தது. பயிற்சி பெற்றோரைக் கடலுக்கு அனுப்பாதிருத்தல் இனியும் இயலாது. வெள்ளையரோடு சேர்த்து அனுப்பவும் மனமில்லை. ஆகவே தனிக்கப்பல் என்னும் தீர்வு தோன்றியது. அதே காலத்திற் சிறிய சுற்றுக்காவற் கப்பல் ஒன்றும் இவ்வாறே அமைக்கப்பட்டது. ஆகவே மேசனை ஒருமைப்பாட்டின் சின்னமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அது பிரித்துவைக்கும் கொள்கையின் மிதக்கும் வடிவமாகவும் இருந்தது. 'பரிசோதனை' என்னும் சொல்லே அக்கப்பலைக் குறித்து வழங்கிற்று. வெள்ளை மாலுமியின் தவறு அவனது தவறாகவே கொள்ளப்படும். இக்கப்பலின் மாலுமி இழைக்கும் தவறோ ஓரினத்தின் தகுதியின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். கடலின் ஆபத்தோடு இப்பாரத்தையும் அவர்கள் சுமந்தனர்.

கடலில்

மேசனின் முதற் காவற் பயணம் 1944 யூன் நடுப்பகுதியில், ஸ்மோல்ஸ் தப்பிச் சென்ற அதே சார்ள்ஸ்ரன் துறையிலிருந்து தொடங்கியது. யூலை முற்பகுதியில் அசோர்ஸ் தீவுகளை அடைந்து, பின்னர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரைச் சேர்ந்தது. அக்கப்பலிற் சென்ற கறுப்பினப் பத்திரிகையாளர் தோமஸ் யங், தம்மை அமெரிக்கராக முதலில் நடத்தியவர் ஐரிஷ் மக்களே என்ற கருத்தமைய எழுதினார். சொந்த நாட்டின் குடியுரிமையை அந்நிய நாட்டுத் தெருவில் உணர நேர்ந்தமை, எந்தப் போருக்கு அவர்கள் புறப்பட்டனர் என்ற வினாவை உள்ளடக்கியது.

அவர்களுடைய கடற்றிறன் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1944இன் இலையுதிர் காலத்திலேயாகும். நோர்மண்டித் தரையிறக்கத்தின் பின்னர் ஐரோப்பியத் துறைகளிற் பொருட்களை இறக்குவதற்குச் சிறு கலங்கள் பெருமளவில் வேண்டியிருந்தன. இழுவைப் படகுகளும் தட்டையான தெப்பக்கலங்களும் அடங்கிய 'என். வை. 119' என்னும் தொகுதி செப்டெம்பரில் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டது. திறந்த சமுத்திரத்துக்கென அமைக்கப்படாத கலங்கள் அவை. தொகுதியின் வேகம் அதிலுள்ள மிக மெதுவான கலத்தின் வேகமேயாதலால், கடப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் சென்றது. இங்கிலாந்தின் கரையை அணுகுகையிற் கடும்புயல் அத்தொகுதியைச் சிதறடித்தது. சில இழுவைப் படகுகளும் தெப்பக்கலங்களும் மூழ்கின, உயிர்களும் பலியாகின.

சிறு கலங்களில் ஒரு பகுதியை ஃபல்மத் துறைமுகத்துக்கு வழிநடத்திச் செல்லும் பணி மேசனுக்கு அளிக்கப்பட்டது. பேரலையொன்றின் முகட்டிற் கப்பலின் நடுப்பகுதி தங்கும்போது இருமுனைகளும் கீழ்நோக்கி வளையும். இரு முகடுகளுக்கிடையே தொங்கும்போது நடுப்பகுதி தாழும். இவ்வாறு மாறிமாறி வளைவதால் உண்டாகும் இழுவிசை மேற்றளத் தகடுகளையே முதலில் தாக்கும். மேசனின் மேற்றளம் பிளந்தது. பற்றவைத்த மூட்டுக்கள் விட்டன. கப்பலிலிருந்த வினைஞர்களே அவற்றைச் செப்பனிட்டனர். ஒக்டோபர் 18ஆந் திகதியளவில் தன் பொறுப்பிலிருந்த கலங்களை ஃபல்மத் சேர்த்தபின், மேசன் துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கவில்லை. புயல் தணியாத கடலுக்கு மீண்டும் சென்று, எஞ்சிய கலங்களுட் பன்னிரண்டு கரைசேர உதவியது. தொகுதியின் கட்டளைத் தளபதி அல்பிரட் லிண்ட், மேசனின் மாலுமிகள் பாராட்டுக்குரியோர் எனப் பரிந்துரைத்தார். பிளாக்ஃபோர்டும் தம் மாலுமிகளுக்காக அவ்வாறே எழுதினார். பாராட்டு வழங்கப்படவில்லை.

இவ்வேளையில் அதே கடற்படையின் மற்றொரு முகத்தையும் நோக்குதல் வேண்டும். 1944 யூலை 17ஆந் திகதி கலிபோர்ணியாவிலுள்ள போர்ட் சிக்காகோ என்னும் வெடிமருந்துத் துறையில் நிகழ்ந்த பெருவெடிப்பில் 320 பேர் மாண்டனர். அவர்களுள் 202 பேர் கறுப்பினத்தவர். உரிய பயிற்சியின்றி, வெள்ளை அதிகாரிகளின் கீழ்க் குண்டுகளை ஏற்றியோர் அவர்கள். உயிர்தப்பியோரிற் பலர் அதே நிலைமையில் மீண்டும் அத்தொழிலைச் செய்ய மறுத்தனர். ஐம்பதின்மர் மீது கலகக் குற்றம் சாட்டப்பட்டு, ஒக்டோபர் 24ஆந் திகதி அனைவரும் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். மேசன் புயலோடு போராடியதற்கும் இத்தீர்ப்புக்கும் இடைப்பட்டது ஒரு வாரமே. கீழ்ப்படிந்து உயிரைப் பணயம் வைத்தோருக்குப் பாராட்டு மறுக்கப்பட்ட அதே வாரத்தில், பாதுகாப்பான தொழில் நிலைமையின்றி உயிரைப் பணயம் வைக்க மறுத்தோருக்குச் சிறை விதிக்கப்பட்டது. இரு நிகழ்ச்சிகளையும் தனித்தனியே படித்தால் ஒன்று கவனக்குறைவாகவும் மற்றது இராணுவ ஒழுங்காகவும் தோன்றக்கூடும். ஒன்றாகப் படிக்கும்போதே அவற்றின் பொது அடிப்படை தெளிவாகின்றது.

எண்ணிக்கைக்கு அப்பால்

மேசன் எந்த நீர்மூழ்கியையும் அமிழ்த்தவில்லை. 1945 ஜனவரியில் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து திரும்புகையில், இரவில் ரேடாரிற் புலப்பட்ட பொருளொன்றை எதிரிக்கலமெனக் கருதி, முழுவேகத்தில் மோதி ஆழ்நீர்க் குண்டுகளையும் இட்டது. ஒளிபாய்ச்சிப் பார்த்தபோது அது கைவிடப்பட்ட மரக்கலமெனத் தெரிந்தது. முன்புறமும் உந்துசுழலிகளும் சேதமுற்றமையாற் கப்பல் பெர்மியூடாவிற் செப்பனிடப்படலாயிற்று. தாக்கியோரின் அளவுகோல் கொண்டு இக்கப்பலை அளப்போர் இந்நிகழ்ச்சியைக் காட்டி நகைத்தல் கூடும். ஆனால் இருளில் நீர்மட்டத்தில் அசையும் பொருளை எதிரியெனக் கொண்டு கணமும் தாமதியாது தாக்குதலே வழித்துணைக் கப்பலின் கடமை. தயங்கியிருந்து அது நீர்மூழ்கியாக இருந்திருப்பின் அதன் விலையைத் தொகுதி முழுவதும் கொடுத்திருக்கும். அவ்விரவில் மாலுமிகள் பயிற்சிக்கேற்பவே செயற்பட்டனர்.

1945இன் முற்பகுதியில் மேலும் ஒருமுறை மத்தியதரைக் கடலுக்குத் தொகுதியொன்றைக் காத்துச் சென்ற மேசன், போர் முடிந்ததும் 1945 ஒக்டோபர் 12ஆந் திகதி சேவையிலிருந்து நீக்கப்பட்டது. 1947 மார்ச்சில் உடைப்பதற்காக விற்கப்பட்டது. பணி செய்தது பத்தொன்பது மாதங்களுக்கும் குறைவே. ஆனால் அக்காலத்துள், தனித்தனியே பிரித்துவைக்கும் முறை நடைமுறையிற் பொருளற்றது என்பது கடற்படையின் உள்ளேயே உணரப்படலாயிற்று. 1944 ஓகஸ்டில் 25 துணைக்கப்பல்களில் இரு நிறத்தாரும் சேர்த்து அமர்த்தப்பட்டனர். 1946 பெப்ரவரியிற் கறுப்பின மாலுமிகளைப் பணியிலமர்த்துவதில் இருந்த கட்டுப்பாடுகள் எழுத்தளவில் நீக்கப்பட்டன. 1948 யூலை 26ஆந் திகதி ஜனாதிபதி ட்ரூமனின் ஆணை படைகள் அனைத்திலும் சமநடத்துகையைக் கொள்கையாக்கியது. எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடைவெளி நெடுங்காலம் நீடித்தது. கடற்படையிலிருந்த கறுப்பினத்தவரிற் பெரும்பாலோர் 1940களின் இறுதியிலும் உணவுக்கூடப் பிரிவிலேயே இருந்தனர்.

ஆவணமும் வாய்மொழியும்

லிண்டின் பரிந்துரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கோப்புகளுள் உறங்கியது. மாலுமிகளோ அதனை மறக்கவில்லை. வட அயர்லாந்திலிருந்த அமெரிக்கப் படையினர் பற்றி ஆராய்ந்த எழுத்தாளர் மேரி பற் கெலி, அதன்வழி மேசனின் முதிய மாலுமிகளைச் சந்தித்தார். வானொலியாளராயிருந்த ஜேம்ஸ் கிரகாம், சமிக்ஞையாளராயிருந்த லொரென்சோ டுஃபோ முதலியோரின் வாய்மொழிகளும் கடற்படை ஆவணங்களும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. அதன் பயனாக 1995இல் அவரது நூல் வெளிவந்தது. அதே ஆண்டிற் கடற்படைச் செயலாளர் ஜோன் டோல்டன் எஞ்சியிருந்தோருக்குப் பாராட்டுக் கடிதத்தை வழங்கினார். 2003இற் சேவையில் இணைந்த புதிய நாசகாரிக் கப்பலும் மேசன் என்னும் பெயரைத் தாங்குகின்றது. போர்ட் சிக்காகோவின் ஐம்பதின்மரும் குற்றமற்றவரெனக் கடற்படை அறிவித்ததோ 2024 யூலை 17ஆந் திகதியிலேயே.

இங்கு ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வாய்மொழிச் சான்று ஆவணத்தினும் தாழ்ந்ததெனக் கொள்ளும் மரபு நம்மிடையேயும் வலுவாக உள்ளது. மேசனைப் பொறுத்தவரை ஆவணம் அழியவில்லை, அது இருந்தது. அதனைத் தேட வேண்டுமென்ற வினாவே இல்லாதிருந்தது. அவ்வினாவை எழுப்பியது முதியோரின் நினைவு. நினைவு தேடலுக்குத் திசை காட்டிற்று; ஆவணம் நினைவை உறுதிசெய்தது. ஒன்றை மற்றொன்று இல்லாமல் ஆக்காது, இரண்டும் சேர்ந்தே வரலாறாயின.

இறுதியாக ஒரு மதிப்பீடு. தகுதியை நிரூபித்ததனால் உரிமை கிடைத்தது என்று மேசனின் கதையை முடிப்பது எளிது; அது பிழையானதும் ஆகும். மாலுமிகள் தம் தகுதியை 1944 ஒக்டோபரிலேயே ஐயத்துக்கிடமின்றி நிறுவினர். அது உரிய காலத்தில் ஏற்கப்படவில்லை. குடியுரிமை என்பது தேர்வில் வென்று பெறும் பரிசன்று. அதனைத் தேர்வாக்குவோரே வினாவையும் வகுத்து, விடைத்தாளையும் பூட்டிவைக்க முடியும். ஆயினும் அம்மாலுமிகளின் உழைப்பு வீணாயிற்று எனல் ஆகாது. கறுப்பினத்தவராற் கடலோடும் போர்க்கப்பலை இயக்க முடியாது என்ற வாதத்தை அதன்பின் எவரும் நேர்மையுடன் முன்வைக்க இயலவில்லை. உரிமைக்காகக் கரையிற் போராடியோருக்கு, மறுக்கமுடியாத ஒரு சான்றினைக் கடலிலிருந்து அவர்கள் ஈட்டித் தந்தனர். கலங்களைக் கரைசேர்த்தது மேசனின் பணி. அப்பணியின் உண்மையைக் கரைசேர்க்க மேலும் ஐம்பது ஆண்டுகள் சென்றன.